மூன்றாம் காட்சி

மேடையில் கிடக்கிற சோபா எங்களுடையது.
இடது கைப்பிடியில் இருக்கும் தேநீர்க் கறை
சின்னவள் ஐந்து வயதில் கொட்டியது.
சாமான் வாங்கச் சங்கத்தில் காசில்லை என்று
மதியமே வேனில் ஏற்றிப் போனார்கள்.
வீட்டில் அந்த இடம்
பல் விழுந்த ஈறு மாதிரி இருக்கிறது.

மெர்பேங்க் மண்டபம்.
எண்ணெய் ஆலையின் வாடை
சீட்டு வாங்காமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.
ஐம்பது ராண்டு கொடுத்தவர்களுக்கு முன்வரிசை.
நான் நடிகரின் மனைவி, இலவசம்,
தூணுக்குப் பின்னால்.

கதை ஒரு குடும்பஸ்தனுடையது. கடன், வேலை போனது, மற்றதெல்லாம்.
எழுதியவர் மருந்துக்கடை தயாளன்.
"உங்க கதை இல்லக்கா" என்றார்,
நான் கேட்காமலே.

ஜேக்கப்ஸ் செருப்பு ஆலையில்
பத்தொன்பது வருஷம் அடித்தோல் வெட்டினார் பூபாலன்.
கதவை இழுத்து மூடின நாளில்
ஆளுக்கொரு ஜோடி கறுப்புச் சப்பாத்து கொடுத்தார்கள்.
கிடைத்தது ஒன்பது. அவர் கால் ஏழு.
அதில் காகிதம் திணித்துக்கொண்டுதான்
இப்போது கதாநாயகன் நடக்கிறான்.

தமிழ் பேசுவார், படிக்க வராது.
வசனமெல்லாம் ஆங்கில எழுத்தில்.
கனவும் கணவனும் அதில் ஒரே மாதிரி தொடங்கும்.
"என் கணவு செத்துப்போச்சு" என்று
ஒத்திகையில் முழங்கினார்.
"நாக்கை மடக்காதீங்க" என்றேன் அடுப்படியிலிருந்து.
சிரித்தார்.
அந்த மாதத்தில் அது ஒன்றுதான்.

அவர் கனவு ஒரு பஸ்.
சேட்ஸ்வர்த்திலிருந்து டர்பன் சந்தைக்கு,
உள்ளே பாட்டு அலற,
நெற்றியில் என் பெயர்.
"மோகனாம்பாளா? எழுத்து அதிகம்,
பெயிண்டுக்கே கடன் வாங்கணும்" என்றேன்.
வங்கிக்கு மூன்று தரம் போனார்.
நாலாம் தரம் சட்டையைத் தேய்த்து வைத்தேன்,
அது கொடியிலேயே தொங்கியது.

இரண்டாம் காட்சியில் அழ வேண்டும்.
வேலை போன அன்றைக்கு
குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்த மனுஷன்.
மேடையில், எங்கள் சோபாவில்,
அந்தக் கறைமேல் கை வைத்து
அழுதார்.
மண்டபம் தட்டியது.
"என்ன நடிப்பு!" என்றாள் பக்கத்தில் ரோகிணி.
என் மடியில் சமோசாப் பொட்டலம்.
எண்ணெய் விரலில் இறங்கிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் காட்சியில் அவனுக்கு விடியும்.
கடன் அடையும், மகள் பட்டம் வாங்குவாள்,
சோபாவுக்குப் புது உறை.
உறை என் பையில்தான் இருந்தது. இரவல்.

எட்டு மணிக்கு மின்சாரம் நிற்கும்,
அட்டவணை எல்லோர் கையிலும் இருக்கிறது.
ஆனால் சால்வை போடவே ஏழே கால் ஆனது.
எட்டு.
இருட்டில் யாரோ "முடிஞ்சிடுச்சா?" என்றார்கள்,
யாரோ "ஆமா" என்றார்கள்.
நாற்காலிகள் வீட்டுக்குக் கிளம்பின.

போன் வெளிச்சத்தில் மேடை ஏறினேன்.
அவர் உட்கார்ந்தபடியே இருந்தார்.
"இன்னும் பதினோரு வசனம் பாக்கி."
"சொல்லுங்க, நான் கேக்குறேன்."
வாயைத் திறந்தார்.
"மறந்துபோச்சு, மோகனா."

ஒரு முனை அவர், ஒரு முனை நான்.
தூக்கினோம்.
"மெல்ல. படி இருக்கு" என்றார்.
ஒவ்வொரு படியிலும்
சப்பாத்துக்குள் காகிதம் நொறுங்கியது.