சோபாவில் ஒரு தலையணை

அவனை முதலில் பார்த்தபோது
வாயைத்தான் பார்த்தேன்.
காரைக்கால், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடி.
டாக்டர் சொல்லச் சொல்ல எழுதினேன்:
முப்பத்தாறாம் பல், ஆழமான சொத்தை, வேர் சிகிச்சை, கேப்.
பெயர்?
ழான்-ஈவ் கார்ப்பனேன் என்றான், வாயில் பஞ்சோடு.
எனக்குக் கருப்பண்ணன் என்று கேட்டது.
அப்படியே எழுதினேன்.
எந்தக் காலத்திலோ கப்பலடியில்
ஒரு குமாஸ்தா செய்த பிழையைத்
தெரியாமல் திருத்திவிட்டேன்.

ரியூனியனில் பல் கட்டுகிற காசில்
விமானமும் ஏறி, இங்கே பல்லும் கட்டி,
மிச்சத்தில் பெண்ணையும் கட்டிக்கொண்டான் என்று
கல்யாணத்தில் அப்பா எல்லாரிடமும் சொன்னார்.

அப்புறம் எல்லாம் காகிதம்.
பிறப்புச் சான்றுக்கு மொழிபெயர்ப்பு,
மொழிபெயர்ப்புக்கு முத்திரை,
முத்திரைக்கு நாலு தடவை புதுச்சேரி.
பதினோரு மாதம்
சார்ஜ் தீர்ந்தால் அணைந்துபோகிற புருஷன்.

சேந்தாந்த்ரேயில் எப்போதும் மழை.
வீட்டைச் சுற்றிக் கரும்பு.
இங்கே கீரைக்கு 'பிரேத்' என்று பெயர்.
மாமியார் 'பிரேத் முருங்' என்று பரிமாறியதும்
தட்டைத் தள்ளி வைத்தேன்.
பிறகு வாசனை வந்தது.
முருங்கைதான்.

சேர்ந்து வாழ்வதற்குச் சான்று வேண்டும் என்றார்கள்.
மின்சார பில்லில் இரண்டு பெயர்.
தில்லைக்கரசி என்பதில்
மூன்று எழுத்து உதிர்ந்திருந்தது, பரவாயில்லை.
வங்கிக் கணக்கு. கடற்கரைப் படம், தேதியோடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரம் சமையல்.
ரம் உள்ளே போனதும் மச்சானிடம் சொன்னான்,
இவள் காகிதத்துக்கு வந்தவள், தெரியுமா என்று.
விளையாட்டுக்குத்தான்.
எனக்குக் கிரியோல் எட்டாது என்று நினைத்திருப்பான்.
சட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன்.
அந்த மொழியில் எனக்கு முழுசாகப் புரிந்த
முதல் வாக்கியம் அது.

மூன்று நாள் பேச்சில்லை.
மூன்று ராத்திரியும் சோபா.

நாலாம் நாள் காலை ஏழரைக்கு
சொல்லாமல் வந்தாள் அதிகாரி.
ஷூவெல்லாம் சேறு.
குளியலறையில் பிரஷ்களை எண்ணினாள்.
அலமாரியைத் திறந்து
என் புடவைகளை விரலால் ஒதுக்கி
பின்னால் அவன் சட்டை இருக்கிறதா என்று பார்த்தாள்.
கூடத்துக்கு வந்தாள்.
சோபா. தலையணை. அதில் நீளமாய் ஒரு முடி.
இங்கே யார் படுக்கிறீர்கள்?

அவன் முகம் வெளுத்தது.
புருஷனோடு கோபித்துக்கொள்ளவும்
பத்து வருஷ அட்டை வேண்டும் என்று
எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் என்றேன்.
ராத்திரியில் இவர் பல்லைக் கடிப்பார், தூக்கம் வராது.
இதைச் சொல்ல என்னிடம் பிரெஞ்சு இல்லை.
அதனால் கடித்துக் காட்டினேன்.
நறநறவென்று, கண்ணை மூடிக்கொண்டு,
இடப்பக்கத்தால் மட்டும்.

என்ன புரிந்ததோ.
தன் தாடையை ஒருதரம் தடவிக்கொண்டாள்.
பிறகு எழுதினாள்.
நின்றபடியே, வெகுநேரம்.

அன்று ராத்திரி கட்டிலுக்குத் திரும்பினேன்,
பயத்தில்.
மன்னித்ததாக அவன் எடுத்துக்கொண்டிருக்கலாம்.
சுவரைப் பார்த்து 'பார்தோன்' என்றான்.
நான் போர்வையைச் சரிசெய்தேன்.

இரண்டு மணிக்குத் தொடங்கியது.
அவளிடம் நான் சொன்னதில்
பொய்யில்லாத பகுதி.
இருட்டில் அவன் தாடையைத் தேடி அழுத்தினேன்.
நின்றது. கையை எடுத்ததும்
மறுபடி.
அந்தப் பல்லுக்குச் சிமென்ட் குழைத்தவள் நான்.
கேப்புக்கு எங்கள் கிளினிக் ஐந்து வருஷம்
உத்தரவாதம் கொடுத்தது.
என் விசா ஒரு வருஷம்.

கடிதம் இன்னும் வரவில்லை.
தபால்பெட்டியில் இரண்டு பெயரும் ஒட்டியிருக்கிறேன்,
அவர்கள் எழுதுகிறபடி.
நேற்று மழையில் ஒரு மூலை பெயர்ந்திருந்தது.
அரிசி மாவு கொஞ்சம் கொதிக்கவைத்து
எடுத்துக்கொண்டு போனேன்.
அவன் குடை பிடித்தான்.
இன்னும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.