மிச்சக் காசு

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்கு
பத்தொன்பது வருஷமாக டிக்கெட் கிழிக்கிறேன்.
அதில் பதினேழு வருஷம்
நேசமலர் பாட்டோடு.

முதல் கேசட்டுக்கு அட்டைகூட இல்லை.
நீலப் பேனாவில் அவள் பெயர். நான்கு பாட்டு.
நான்காவதன் பாதியில் ஒரு நாய் குரைக்கும்,
எந்த லயத்து நாயோ.
அந்தக் குரைப்பும் எனக்கு மனப்பாடம்.
நோர்வூட் சந்தியில் நாங்கள் ஹோர்ன் அடிக்க
பெட்டிக்குள்ளிருந்து அது பதில் சொல்வதுபோல் இருக்கும்.

'சினிமாப் பாட்டு இல்லியாண்ணே?'
'இருக்கு தம்பி, திரும்பி வர்றப்ப.'
திரும்பி வரும்போதும் அவள்தான்.
தமிழ் ஒரு சொல் விளங்காத டிரைவர் பியதிஸ்ஸ
வளைவுக்கு வளைவு
பல்லவியை ஸ்டியரிங்கில் தட்டுவார்.

எனக்கோ சொல்தான் எல்லாம்.
'எங்க வீட்டுக்கு நம்பர் இல்ல
எனக்கு வந்த கடுதாசிக்கு வீடு இல்ல'
இதைக் கேட்ட அன்று
இரண்டு பேருக்கு டிக்கெட் போட மறந்தேன்.
செக்கர் ஏறினார். சம்பளத்தில் வெட்டினார்கள்.
பரவாயில்லை.

பிறகு கொழும்புக்குப் போய் ஒரு சீடி போட்டாள்.
கிட்டார் எங்கோ பின்னால் போய்விட்டது.
தகரத்தில் ஆலங்கட்டி விழுவது மாதிரி
மெஷின் மேளம்.
கோபித்துக்கொண்டேன், சொந்தக்காரியைப்போல.
ஒன்றரை வருஷம் பஸ்ஸில் ரேடியோ மட்டும்.
என் மனைவி குவைத்துக்குப் போன வாரம்
தூக்கம் வராமல் அதைப் போட்டேன்.
ஆறாவது பாட்டு.
மெஷின் அப்போதும் தட்டிக்கொண்டுதான் இருந்தது.
அதற்கு அடியில்
அவள் அடக்கி அடக்கி மூச்சு இழுப்பது கேட்டது.
அத்தனை நாளும் அது அங்கேயே இருந்திருக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும்.
பழைய கேசட்டின் இரண்டாவது பாட்டு
'மழ எறங்கி வருது மகளே, கதவச் சாத்து.'
பிள்ளையைத் தூங்கவைக்கிற பாட்டு என்றுதான்
வருஷக்கணக்காய்க் கேட்டிருந்தேன்.
மேல் டிவிஷனில் மண் சரிந்து
ஒரு லயமே போன அந்தக் கார்த்திகையில்
பன்னிரண்டு நாள் பாதை இல்லை.
பதின்மூன்றாம் நாள் பஸ்ஸை எடுத்து, பாட்டைப் போட்டால்
'மல எறங்கி வருது மகளே.'
அதே கேசட். அதே நாய்.
எங்கள் வாயில் மழைக்கும் மலைக்கும்
நாக்கு தனித்தனியாக மடங்குவதில்லை.
எதைப் பாடினாள் அவள், அப்போதே?

போன ஐப்பசியில் நோர்வூட்டில் ஏறினாள்.
உரச்சாக்கில் கட்டிய கிட்டார்.
காதோரம் நரை.
கேசட் அட்டை இல்லாததால் நான் முகம் அறியாதவன்;
சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கழுத்தில்
நீலப் பேனா எழுத்தைப் பார்த்துத்தான் அறிந்தேன்.
அன்றைக்கென்று பார்த்து
டியூட்டரி பையன்கள் கேட்டார்கள் என்று
உச்சத்தில் ஒரு சினிமாப் பாட்டு.

பதினேழு வருஷம் சேர்த்து வைத்த ஒரே கேள்வி
தொண்டைவரை வந்தது.
'எங்க எறங்கணும்?' என்று கேட்டேன்.

'டிக்கோயா ஆஸ்பத்திரி.'

அவ்வளவுதான் சொன்னாள்.
பியதிஸ்ஸ திரும்பிப் பார்க்கவில்லை.
கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினார்.
காசல்ரீ தண்ணீர் தெரிகிற வளைவில்
அவர் விரல்
ஸ்டியரிங்கில் அந்தப் பல்லவியைத் தட்டியது.
சொல் முழுக்கத் தெரிந்த நான்
டிக்கெட் புத்தகத்தோடு நின்றேன்.

நூறு ரூபாய் நீட்டினாள். டிக்கெட் எழுபத்தாறு.
இருபது கொடுத்தேன்.
டிக்கெட்டின் முதுகில் 4 என்று எழுதி
இறங்கும்போது தருகிறேன் என்றேன்.
அவள் முன் கதவால் இறங்கிவிட்டாள்,
சாக்கை நெஞ்சோடு அணைத்து,
மழையில்.

இரண்டு இரண்டு ரூபாய்க் குற்றிகள்
பையில் தனியாக இருக்கின்றன.
சில்லறை முடிந்த நாட்களிலும்
அதை எடுப்பதில்லை.