தூர் வாருகிறவன்

பத்து நாடு சுற்றி வந்து
எங்கள் ஊர் முகப்பில் வாய் கொப்பளிக்கிறது டான்யூப்.
அந்த வண்டலை அள்ளுவது என் வேலை.
கப்பல்களுக்கு ஏழு மீட்டர் ஆழம் வேண்டும்;
ஆற்றுக்கு அது யாரோ போட்ட சட்டம்.

வாளி மேலே வரும்போது பார்ப்பேன்:
கருஞ்சேறு, சிப்பி, எப்போதாவது ஒற்றைச் செருப்பு,
ஒருமுறை ஹங்கேரிய எழுத்தோடு ஒரு தகரப் பலகை.
எந்த மலையில் எந்த மழை கரைத்த மண்ணோ,
கடவுச்சீட்டில்லாமல் வந்து படுத்துக்கொள்கிறது.
பகலெல்லாம் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டுவோம்.
விடிவதற்குள் பாதி திரும்பியிருக்கும்.
இந்த வேலையில் ஆட்குறைப்பு கிடையாது.

பழைய கலங்கரை விளக்கம் ஊருக்குள் நிற்கிறது.
கட்டியபோது அலை அதன் காலை நனைத்ததாம்.
இன்று அதன் நிழலில்
தபால்காரர் சைக்கிள் நிறுத்துகிறார்.

அண்ணன் திரிஃபோன்
ஸ்டர்ஜன் வலையோடு கவிழ்ந்தபோது
எனக்குப் பதினான்கு வயது.
அங்கே நாலு ஆள் ஆழம்.
மூன்று வாரம் தேடினார்கள். தொப்பி கிடைத்தது.
பாதிரியார் தொப்பிக்கே ஜெபம் சொன்னார்.
பெட்டி இல்லை, குழி இல்லை.
ஒரு பிடி மண் போட இடமில்லை.
அண்ணி ஆகஃபியா, அள்ளிய மண்ணை
என்ன செய்வதென்று தெரியாமல்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

முப்பத்தோரு வருடம்.
முதலில் கோடையில் மட்டும் தெரிந்த ஒரு மணல் முதுகு.
பிறகு நாணல்.
பிறகு நாணலுக்குள் கொக்குகளின் சண்டை.
போன செவ்வாய்க்கிழமை படகிலிருந்து பார்க்கிறேன்:
அதே இடத்தில், மிதவைக் கம்பத்துக்கு வடகிழக்கே,
யாருடையதோ ஒரு செம்பசு
மேய்ந்துகொண்டிருந்தது.

இறங்கி நடந்தேன். பூட்ஸைச் சேறு பிடித்து இழுத்தது.
ஒரு மேடில்லை, ஒரு கல்லில்லை,
தோசைக்கல் போலத் தட்டை.
வானம் கணுக்கால் வரை இறங்கியிருந்தது.
பசு நிமிர்ந்து பார்த்தது,
நான் முக்கியமில்லை என்று மறுபடி குனிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆகஃபியாவை அழைத்துப் போனேன்.
அழுவாள் என்று நினைத்திருந்தேன்.
"எவ்வளவு மண்" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"எந்தெந்த ஊரிலிருந்தெல்லாம்" என்றாள்.
கொண்டுவந்த ரொட்டியில் பாதியைப்
பசுவே தின்றுவிட்டது. அவள் விரட்டவில்லை.

திங்கட்கிழமை. வாளி கீழே போனது, மேலே வந்தது.
கொட்டச் சொல்லியிருந்த இடம் வேறு.
ஒரே ஒரு நடை மட்டும்
வடகிழக்கே திருப்பச் சொன்னேன்.
பதிவேட்டில் அந்த வரி காலியாக இருக்கும்.