நாலு மீற்றர் பிழை

புதையல் எண்டு சொல்லித்தான் கூட்டி வந்தான் நிதர்சன்.
மத்தியானம் கடையில் ஆக்கள் இல்லை.
ரீலோட் போட வந்த கடைசி மனிசனும்
ஏ-ஒன்பது வீதியின் வெயிலைப் பார்த்துவிட்டுக்
கடன் சொல்லிப் போய்விட்டார்.

கிளிநொச்சியில் இப்படி ஒரு பூங்கா இருப்பதே
பாதிப் பேருக்கு மறந்துபோயிற்று.
திறந்துவைத்தவரின் கல்லில் நாயுண்ணி ஏறி
'மாண்புமிகு' மட்டும் மிச்சம்.
ஊஞ்சலுக்குச் சங்கிலி உண்டு, பலகை இல்லை.
சறுக்குமரம் முடிகிற இடத்தில்
ஆளுயரக் காஞ்சூண்டி,
சறுக்கி வா பார்ப்பம் என்று நிற்கிறது.

உலகம் முழுக்க விளையாடுகிறார்களாம்.
ஒருவர் ஒரு பெட்டியை ஒளிப்பார்,
இடத்தை எண்களாய் எழுதிவிடுவார்.
முன்பின் தெரியாத இன்னொருவர் தேடி எடுத்து,
பெயர் எழுதி,
திரும்ப அங்கேயே வைத்துவிட்டுப் போவார்.
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான் அக்கா."

அவன் போனைப் பார்த்து நடந்தான்.
நான் அவன் கால் வைத்த இடத்தில் கால் வைத்து.
எட்டி எட்டி வைக்கவேண்டியிருந்தது.
முகமாலையில் ஆறு வருடம்
ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழங்காலில் நின்றவள்;
புல்லின் நுனியைத் தொட்டு, பிறகு அடியைத் தொட்டு,
பிறகுதான் மண்.
திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.
இது எப்பவோ துப்புரவாக்கிய இடம், எனக்கும் தெரியும்.
முழங்காலுக்குத்தான் தெரியாது.

பூச்சியம் என்றது போன்.
பூச்சியத்தில் ஒரு எருக்கலை, ஒற்றைச் செருப்பு,
பாதிச் சோடாவோடு ஒரு போத்தல்.
கல்லைப் புரட்டினான். மரவட்டை.
மற்றக் கல்லைப் புரட்டினான்.
அதன் சொந்தக்காரர்.

நான் நின்ற இடத்திலேயே நின்று பார்த்தேன்.
ஒருமுறை கிளறிய மண்ணுக்கு முகம் வேறு.
கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் பதிவு,
புல் ஒரு மாரி இளசு.
"அந்த வேப்பங்கன்றுக்குப் பின்னால."

லன்ச் பொக்ஸ். நீல மூடி.
உள்ளே கொப்பி, பென்சில் கட்டை,
முயல் வடிவில் ஓர் அழிறப்பர்.
குருநாகலில் இருந்து ஒரு சோடி, வட்ட வட்ட எழுத்தில்.
பேர்னில் இருந்து ஒரு பொடியன்,
குற்றே போடாத தமிழில்.
நிலத்துக்குள் இருந்து வந்த பெட்டியை
மூச்சுப் பிடிக்காமல் நான் திறந்தது
இதுதான் முதல்தரம்.

அம்மாவின் தையல் மெசினை நாங்களும் தாட்டோம்.
எண்ணெய் பூசி, உரப்பையால் சுற்றி,
கிணற்றுக் கட்டில் இருந்து வேலிப்பக்கம் பதினாறு கவடு.
அண்ணா அளந்தான். நான் ரோச் பிடித்தேன்.
மூன்று பேரும் எண்ணைப் பாடமாக்கினோம்.
திரும்பி வர, கிணறு இருந்தது.
வேலி எந்தப் பக்கம் ஓடியது என்பதில்
எனக்கும் அம்மாவுக்கும் இன்னும் சண்டை.
டெட்டெக்டரைக் கொண்டுவந்தால் அது
காணி முழுக்கக் கத்தும், அவ்வளவு இரும்பு.
பதினொரு கிடங்கு தோண்டினேன்.
ஒன்றில் இப்போது வாழை நிற்கிறது.

எண்ணில் பிழையில்லை.
கவடு என்னுடையது.
அண்ணா நெடுவல்.
திரும்பி வந்தவர்களில் அவன் இல்லை.

எடுத்தால் ஏதும் வைக்கவேணுமாம்.
எடுக்கவில்லை. ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்று வைத்தேன்.
கொப்பியில் திகதி. சுபதர்சினி.
கீழே, பழைய வேலையின் எழுத்தில்:
நாலு மீற்றர் பிழை. திருத்தவும்.
பெட்டியை மூடி, இருந்த இடத்தில், இருந்தபடி.

வீதியைக் கடக்க வாகனம் பார்த்து நிற்கையில் கேட்டேன்,
"நீ எவ்வளவு உயரம்?"
"ஆறடிக்குக் கொஞ்சம் கூட. ஏன் அக்கா?"
லொறி ஒன்று போய் முடியட்டும் என்று நின்றேன்.
"ஞாயிற்றுக்கிழமை வேலை ஏதும் இருக்கா?"