பதினான்காவது கட்டம்

மண்டபம் கேம்ப்பில் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவள்
என்கிற ஒரே தகுதிக்காக
என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.
ஒரு நோட்டு வாங்கினேன், பேனா வாங்கினேன்.
இரண்டும் தேவைப்படவில்லை.
தேவைப்பட்டதெல்லாம்
"அக்கா, கீழ செவப்பா மைக் தெரியுதுல்ல,
அதத் தொடுங்க,
தொட்டாச்சா, இப்ப விட்டுருங்க" என்று
வியாழனுக்கு வியாழன் சொல்லக்கூடிய தொண்டைதான்.

ஒன்பது மணி.
சோறு போட்டு, பாத்திரம் கவிழ்த்து,
ஒவ்வொருத்தியாய் முளைப்பார்கள்.
தங்கச்சிமடத்துப் பிரகாசிக்கு நெற்றி மட்டும் வரும்.
நம்புவள்ளிக்கு மூன்றாம் படியில்தான் சிக்னல்.
ஒரு படி இறங்கினால் உறைந்துவிடுவாள்
வாய் பாதி திறந்தபடி.
வேதாளை ஜெய்லானி பீவி
மிக்ஸியை நிறுத்தாமலே சலாம் சொல்வாள்.

வடகடல் கலங்கினால் தென்கடல் தெளியும் என்பது
மீனுக்குப் போகிறவர்கள் கணக்கு.
நெட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே கலக்கம்.

இருந்தாலும் பேசினோம்.
கரண்டு பில்லை வாசிப்பது,
தூரம் நிற்கிற வயசில் வருகிற எரிச்சல்,
பேங்க்கில் நின்றுகொண்டு பேசாமல்
நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேசுவது.
ஒருநாள் கடற்பசு.
இந்திராணி டீச்சர் படம் காட்டினாள்:
அடியில் புல் மேயும்,
குட்டிக்குப் பால் கொடுக்கும்,
மூச்சு வாங்க மட்டும் மேலே வரும்.

அப்போதுதான் பதினான்காவது கட்டம் பேசியது.

முகம் கிடையாது அதற்கு.
கறுப்பில் 'ம' என்று ஓர் எழுத்து.
மைமூன். பெரியபட்டினம்.
எட்டு மாசம், ஒரு வியாழன் தவறவில்லை.
மைக்கை மூட மறக்கிற நாட்களில்
பின்னால் ஒரு கட்டில் கிறீச்சிடும்.
ஆண்குரல் ஒன்று குழறித் தண்ணி கேட்கும்.
"இந்தா" என்பாள்.
பிறகு மூடிக்கொள்ளும்.
என்ன ஏது என்று கேட்டுவிடக் கூடியவள்
நம்புவள்ளி ஒருத்திதான்.
அவளோ படியில் உறைந்திருப்பாள்.

அன்று அந்த 'ம' கேட்டது:
"மேல வரலன்னா எவ்வளவு நேரம் தாங்கும்?"
"அஞ்சாறு நிமிஷம்" என்றாள் டீச்சர்.
"அவ்வளவுதானா."
கட்டில் கிறீச்சிட்டது.

மாசியில் அரியமான் போனோம்.
வேனுக்குத் தலைக்கு நூற்றெண்பது,
புளிச்சோறு, நெத்திலி வறுவல்,
இரண்டு குடம் தண்ணீர்.
பிரகாசிக்கு நெற்றிக்குக் கீழேயும் முகம் இருந்தது,
பல்வரிசை அத்தனை அழகு.
நம்புவள்ளி நடந்துகொண்டே பேசினாள்,
அதை நின்று வேடிக்கை பார்த்தோம்.
ஜெய்லானி மட்டும்
மிக்ஸி இல்லாத இடத்திலும் கத்தினாள்.

சவுக்குத் தோப்போரம் ஒரு ஆட்டோ வந்து நின்றது.
கறுப்பு அங்கியில் ஒருத்தி இறங்கி
கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.
எங்களைவிட உயரம்.
யாருக்கும் தெரியவில்லை.
"யாரு வேணும்மா?" என்றாள் பிரகாசி.

வந்தவள் எங்களை ஒருமுறை எண்ணினாள்.
பிறகு,
"கேக்குதா?
நான் பேசுறது கேக்குதா?"

பதின்மூன்று தொண்டையும் சேர்ந்து
"கேக்குது மைமூன்!"
சவுக்கில் இருந்த காக்கைகள் கிளம்பிவிட்டன.

நாத்தனாரை உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.
அஞ்சு மணிக்கு மருந்து கொடுக்க வேண்டும்.
செருப்பைக் கழற்றாமலே இறங்கினாள்,
முழங்கால், இடுப்பு,
அப்படியே உட்கார்ந்துவிட்டாள் தண்ணீரில்.
குளம்போல் கிடந்தது கடல்.
ஜெய்லானி தட்டோடு போய்
பக்கத்தில் உட்கார்ந்து
நெத்திலியை ஒவ்வொன்றாய் ஊட்டினாள்.
யாருக்கும் போட்டோ எடுக்கத் தோன்றவில்லை.

ஆட்டோ காத்திருந்ததற்கு நூற்றிருபது.
மன்றப் பணத்தில் கொடுத்து
நோட்டில் எழுதினேன்.
நோட்டில் அதுதான் முதல் வரி.

அடுத்த வியாழன் அதே கறுப்பு, அதே 'ம'.
மைக் திறந்து கிடந்தது.
கட்டில் கிறீச்சிட்டது, தண்ணி கேட்டது,
"இந்தா" என்றாள், டம்ளர் வைத்த சத்தம்.
மைக்கை மூடுங்க என்று சொல்ல
வாயெடுத்தவள்
டீச்சரைப் பார்த்து
"நீங்க சொல்லுங்க" என்றேன்.