நல்ல தண்ணி சிந்துற இடம்

தெற்குவாடியில் கரிசலாங்கண்ணி
எங்கள் தெருவில் ஒரே இடத்தில்தான் முளைக்கிறது.
லாரி வந்து குடம் நிரப்பும் முனையில்,
குழாய் ஒழுகி ஒழுகி
மணல் கறுத்துப்போன அரைமுழ ஈரத்தில்.

வெள்ளைப் பூ தலைநீட்டுமுன்
அமலோற்பவம் பறித்துவிடுவாள்.
இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன்.
அவள் ஏன் வரவில்லை என்று
யோசிக்கவில்லை.

பாசி எடுக்க முங்குகிறவள் தலையை
நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.
கண்ணாடிப் பட்டை இறுக்குகிற வளையத்தில்
முடியே இல்லை.
மிச்சம், உப்பேறிய தும்புக் கயிறு.
போன வருஷம் மட்டும்
மூன்று சீப்பு பல்லை விட்டது.

எண்ணெய் விலையைக் கேட்காதீர்கள்.
கால் லிட்டர்தான் வாங்கினேன்.
கரிசாலைச் சாறு,
கறிவேப்பிலை கைப்பிடி,
கோயில் வேலியோரம்
சாமிக்குப் போக மிஞ்சிய செம்பருத்தி ஐந்து.
வெந்தயம் கடைசியில்.
முந்திப் போட்டால் கருகும்,
கருகினால் ஒரு வாரத்துக்கு வீடே கசக்கும்.

சடசடப்பு அடங்குமட்டும் கிண்டினேன்.
சாற்றில் இருந்த தண்ணீர் போகப் போக
எண்ணெய் பச்சையானது.
பாரைத் தாண்டினதும் கால் எட்டாமல் போகுமே,
அந்தப் பச்சை.

வாசலில் நிழல்.
அமலோற்பவம்.
சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று
அடுப்பை மறைத்து நின்றேன்.

"குப்பைமேனி இருக்கா?"
போன வாரம் பார் கிழித்த விரலை நீட்டினாள்.

"ஊறலுக்குத்தான் அது. இது ஆழம்.
ஆஸ்பத்திரிக்குப் போயி ஊசி போடு."

"போட்டாச்சு. கட்டும் கட்டியாச்சு.
இலை இந்தக் கைக்கு.
இது சும்மா அரிக்குது."

சொல்லிக்கொண்டே
தலைத் துண்டை அவிழ்த்தாள்.

மொட்டை.

நாற்பத்தொரு நாள் கழித்து
அந்தக் கரையிலிருந்து
அவள் புருசன் வந்து சேர்ந்தது ஊருக்கே தெரியும்.
படகு வராததும் தெரியும்.
வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டது
யாருக்கும் தெரியாது.
இடுப்புவரை இருந்த முடி அது.

உட்காரவைத்தேன்.
ஆறியும் ஆறாத எண்ணெயை
உச்சியில் ஊற்றினேன்.
"வீணாக்காத புள்ள,
அங்க என்ன இருக்கு?"
என்றாள்.
காதோரம் வழிந்ததைத் துடைக்கவில்லை.

தேய்க்கத் தேய்க்க உள்ளங்கையில்
ரெண்டு நாள் முடி
மீன் செதிளை எதிர்வசமாய்த் தடவினதுபோல
குத்தியது.

குப்பியில் பாதிதான் மிஞ்சியது.

புதன்கிழமை லாரி வந்தபோது
குடம் நிறைந்த பிறகும்
குழாயை எடுக்காமல் நின்றேன்.
டிரைவர் கெட்ட வார்த்தையில் திட்டினார்.