ஈரக் கல், காய்ந்த கல்

எங்கள் கடையில் மிதக்கும் கல் இரண்டு.
ஒன்று கண்ணாடித் தொட்டியில்.
மற்றது கூரைமேல் காய்கிறது.
பத்துப் பன்னிரண்டு நாளில் தொட்டிக் கல்
தண்ணீர் குடித்துக் கனத்துவிடும்,
உச்சந்தலை மட்டும் தெரியும்.
இரவோடு இரவாக ஆள் மாற்றுவான் நம்புசேகரன்.
இரண்டிலும் எழுதியிருக்கும் ராமர் பெயர்
என் கையெழுத்து.
'ரா'வின் காலைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

வேனில் வருகிறவர்களுக்கு அவன் சொல்லும் கதை
அரிச்சல்முனை போய்ச் சேர்வதற்குள் முடியவேண்டும்.
கட்டினார். போனார். மீட்டார். வந்தார்.
பாலம் கிடந்தால் படை வருமே என்றான் விபீஷணன்.
வில் நுனியால் அவரே உடைத்தார்.
நுனி பட்ட இடத்தில்தான் சார் நிற்கிறீர்கள்,
செருப்பைக் கழற்றிக்கொள்ளுங்கள்.

கட்டினவரே உடைத்த பாலத்துக்குக்
காவலர் என்று பட்டம் கட்டி
ராமநாதபுரத்தில் ஒரு வம்சமே ஆண்டதை
அவன் சொல்வதில்லை. நேரம் போதாது.

அப்புறம் வெள்ளைக்காரன் வந்து
அறுந்த முனைவரைக்கும் தண்டவாளம் போட்டான்.
எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட்
ரயிலிலும் செல்லும், கப்பலிலும் செல்லும்.
தபாலாபீஸ், மாதா கோவில், கருவாட்டுக் கிட்டங்கி,
கொழும்புக்குப் போகிறவர்கள்
பெட்டியைத் திறந்து காட்ட ஒரு நீள மேசை.

அறுபத்துநாலு மார்கழியில்
எந்தக் கடல் ஏறியது என்று
எங்கள் வீட்டில் இன்றைக்கும் சண்டை.
ஆண்கடல் என்பார் மாமனார்.
பெண்கடல் என்பார் அவர் தம்பி.
இருவரும் அன்றிரவு ஒரே பனையை
ஆளுக்கொரு பக்கமாய்க் கட்டிப்பிடித்திருந்தவர்கள்.
ஒவ்வொருவரும் பார்த்தது
மற்றவர் முதுகுக்குப் பின்னாலிருந்த கடலை.

ரயிலைப் பற்றி இருவரும் வாய் திறப்பதில்லை.
சேகரன் திறப்பான்.
கூட்டம் பெரிதாக இருந்தால்
எண்ணிக்கையையும் கொஞ்சம் ஏற்றிச் சொல்வான்.

மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று
சர்க்கார் தாளில் எழுதியது.
அந்தத் தாள் கடலுக்குப் போய்ச் சேரவில்லையோ என்னவோ,
சீலா அதே பருவத்தில் வந்தது.
சீலாவுக்குப் பின்னால் நாங்கள் வந்தோம்.

இப்போது தார் ரோடு இருக்கிறது. வறுத்த மீன்,
சங்கு, பாசிமணி, தொப்பி.
இடிந்த மாதா கோவில் சுவரில் சாய்ந்து
புதுப்பெண் ஒருத்தி போட்டோவுக்குச் சிரிக்கிறாள்.
வாழத் தகுதியில்லாத ஊரில்
வாழ ஆரம்பிக்கிறாள், நல்லா இருக்கட்டும்.

போன சனிக்கிழமை கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன்
தொட்டிக்குள் கைவிட்டுக் கல்லை அமுக்கினான்.
குமிழி அடங்கும்வரை விடவில்லை.
விட்ட பிறகு அது எழும்பவில்லை.
கூட்டம் என்னைப் பார்த்தது.
சேகரன் கடலைப் பார்த்தான், எந்தக் கடல் என்று தெரியவில்லை.
'செத்துப்போச்சா?' என்றான் பையன்.
'இல்லப்பா, டூட்டி முடிஞ்சுது.'
அவனையே தோளில் ஏற்றிக்
கூரையிலிருந்து மற்றதை எடுக்கச் சொன்னேன்.
மிதந்தது. கைதட்டினார்கள்.
அன்றைக்குத்தான் பாசிமணி முழுக்க விற்றது.

ஐந்து மணிக்கு விசில்.
யாரும் இருக்கக்கூடாது, கிளம்புங்க, கிளம்புங்க.
கான்ஸ்டபிள் புதுசு, திருவண்ணாமலைப் பக்கம்.
வேன்களெல்லாம் போன பிறகு
என்னைப் பார்த்தும் ஊதினார்.
ஈரக் கல்லைக் கூரையில் வைத்துக்கொண்டிருந்தேன்.
'எங்கம்மா போவீங்க?'
'இறங்கி வர்றேன் சார்.'

பக்கத்தில் மோட்சராணி ஊற்றுக்குள் குனிந்து
அகப்பையால் மொண்டுகொண்டிருந்தாள்.
மணலில் மூன்றடி, கையால் தோண்டியது.
இந்தப் பக்கம் உப்பு, அந்தப் பக்கம் உப்பு.
ஒரு தம்ளர் நீட்டினாள்.
முகர்ந்து பார்த்தார், நாக்கில் தொட்டுப் பார்த்தார்,
பிறகு அண்ணாந்து குடிக்கத் தெரியாமல்
வாய் வைத்தே குடித்தார்.
கழுத்தில் தொங்கிய விசில்
தம்ளரில் முட்டி முட்டி
டிங் என்றது.